உங்க சாஸ்தா எது?

16 மார்ச் 2025, ஞாயிறு

தங்கையைப் பார்க்க தூத்துக்குடி மாவட்டத்து ஏரலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். எல்லாம் நல்லபடியாகப் போனது. கிளம்புகிற நேரத்தில் அவர்கள் வீட்டு ஆச்சி, காபி டம்ளரை வைத்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார்: "ஒங்களுக்கு சாஸ்தா எது?"

அப்பா, "வருஷா வருஷம் திருப்பதி போவோம்" என்றார். ஆச்சி சிரிக்கவில்லை. "அதில்லய்யா, குலசாமி." எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. ஒரே சாஸ்தாவாக இருந்தால் பங்காளி முறை வந்துவிடுமே என்பது அவர் கவலை. "விசாரிச்சுச் சொல்லுங்க, அப்புறம் நாள் குறிப்போம்" என்று எழுந்துகொண்டார்கள்.

18 மார்ச்

தாத்தாவின் தகரப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினோம். ரேஷன் கார்டு, எல்ஐசி ரசீதுகள், அடியில் துணியில் சுற்றிய ஒரு கிரயப் பத்திரம். 1936. திருநெல்வேலி ஜில்லா. (தூத்துக்குடிப் பக்கமும் அப்போது அதில்தான்; தனி மாவட்டமானது 1986-ல்.) தாத்தாவின் அப்பா நிலத்தை விற்றுவிட்டுக் கொழும்புக்குக் கப்பல் ஏறினார் என்று வீட்டில் சொல்வார்கள். அந்தப் பத்திரம் இதுதான் போல. ஊர் பெயர் இருக்கும் இடத்தில் கரையான் அரித்திருக்கிறது. நான்கு எல்லையில் ஒன்று மட்டும் தெளிவு: "தேரிக்குத் தெற்கு". அதன் கீழே, "வடலி உள்பட பனை 43". வடலி என்றால் இளம்பனை. மரத்தை எண்ணி எழுதியிருக்கிறார்கள். சாமியை யார் எழுதுவார்கள்?

22 மார்ச்

நான்கு நாளாக போன். சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. தாத்தா பங்காளிகளோடு தலைக்கட்டு வரி (கோயிலுக்குக் குடும்பவாரியாகக் கொடுப்பது) விஷயத்தில் சண்டை போட்டு, இனி அந்தக் கோயில் வாசலை மிதிக்க மாட்டேன் என்று மெட்ராஸ் வந்தவர். எந்தக் கோயில் என்று பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. வீம்பு என்றால் இப்படி.

ஒரு மாமா சுலபமான வழி சொன்னார். "சாஸ்தா தெரியாதவங்க காரையாறு சொரிமுத்தையனாரைக் கும்பிடலாம்லா, அதையே சொல்லிருங்க." வழக்கம் என்னவோ அப்படித்தான். அம்மா உடனே சரி என்றாள். அப்பாவுக்கு மனசில்லை. ஏரல் ஆச்சியிடம் அது செல்லாது என்று எனக்கும் தோன்றியது.

23 மார்ச்

மதுரையில் தாத்தாவின் தங்கை இருக்கிறார். வயது 86. "அவங்களைக் கட்டிக் கொடுத்தே எழுபது வருஷம் ஆகப்போகுது, அவங்களுக்கு என்ன தெரியும்" என்று யாருமே கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"கற்குவேல் அய்யன்லா! இது தெரியாதாக்கும்?"

"ஏன் ஆச்சி இத்தனை நாள் சொல்லல?"

"கேட்டாத்தானல சொல்ல. அதுவும் எனக்குத் தாலி ஏறுனப்புறம் அது எனக்குச் சாஸ்தா இல்ல. அது ஒங்க சாமி."

மாப்பிள்ளை வீட்டாருடையது வேறு சாஸ்தா. அப்பா போனில் அதை உறுதி செய்துகொண்டு, ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே குடித்தார்.

11 ஏப்ரல், பங்குனி உத்திரம்

செந்தூர் எக்ஸ்பிரசில் திருச்செந்தூர், அங்கிருந்து வேனில் கற்குவேல் அய்யன் கோயில் இருக்கும் தேரிக்குடியிருப்பு. தேரி என்றால் மணல்மேடு என்று படித்ததோடு சரி. இது செக்கச்செவேல். செங்கல்லைப் பொடித்துக் கொட்டினால்கூட இந்த நிறம் வராது. காலை வைத்தால் கணுக்கால் வரை இறங்குகிறது, பத்து மணிக்கே சுடுகிறது. சுற்றிலும் பனை, உடைமரம், கொல்லாமரம் (முந்திரி). நிழல் கிடைத்த இடமெல்லாம் ஒரு குடும்பமும் ஒரு பொங்கல் பானையும். கார்த்திகைக் கடைசியில் இங்கே கள்ளர் வெட்டு நடக்குமாம். இளநீரை வெட்டி, அது நனைத்த மணலை அள்ளிக்கொண்டு போக ஜனம் முண்டியடிக்குமாம்.

மதுரை ஆச்சி காரில் வந்துவிட்டார். எங்களைப் பார்த்து ஒரு பெரியவர், "எந்த வீட்டுப் பிள்ளைக?" என்றார். அப்பா சென்னை முகவரியைச் சொல்ல ஆரம்பித்தார். ஆச்சி குறுக்கே விழுந்து, "வடலிக்காட்டு வீடு" என்றார், இரண்டே வார்த்தை. பெரியவர் அப்பாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வரி பாக்கி நெறைய இருக்கே" என்றார். அப்பா பர்சை எடுத்துவிட்டார். அது கேலி என்று புரிய எங்களுக்குக் கொஞ்சம் நேரமானது.

பொங்கல் பொங்கியதும் எல்லோரும் குலவை போட்டார்கள். ஆச்சி மட்டும் நாலடி தள்ளி நின்றார். கூப்பிட்டதற்கு, "நான் விருந்தாளி" என்றார். ஆனால் அடுப்பு எந்தப் பக்கம் பார்க்கணும், முதல் தேங்காய் எங்கே உடைக்கணும் என்று எல்லாம் அங்கிருந்தே அவர்தான் சொன்னார்.

4 மே, ஞாயிறு

நிச்சயதார்த்தம். இன்றைக்குத்தான் கத்திரி ஆரம்பம், ஹாலில் ஏசி பாதிதான் வேலை செய்தது. தட்டு மாற்றும்முன் ஏரல் ஆச்சி மறுபடி கேட்டார். அப்பா மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார். தேரி மணல் ஏறிய அவருடைய பட்டுக்கரை வேட்டி, மூன்று தடவை துவைத்தும் விளிம்பில் சிவப்பாகவே இருக்கிறது. அதையேதான் கட்டியிருந்தார். அம்மாவுக்கு அதில் கோபம்.

சாப்பாட்டுப் பந்தியில் தங்கை மதுரை ஆச்சியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணம் ஆவணியில்.

"அப்போ ஆச்சி, கண்டுபிடிச்சு அஞ்சு மாசத்துல எனக்கு அந்தச் சாமி இல்லையா?"

ஆச்சி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "ஆவணி வரைக்கும் இருக்குல்லா, போய்ட்டு வா" என்றார்.