வீட்டின் பழைய ஆட்களைத் தேடல்: உறுதியும் கல்வெட்டும்

யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில், நடுமுற்றமுள்ள நாற்சார் வீடொன்றில் முன்பு யார் யார் இருந்தார்கள் என்ற தேடல் இப்போது மூன்று தலைமுறை பின்னுக்குப் போயிருக்கிறது. ஊரார் "இன்னார் வீடு" என்று சொல்லும் பெயரில் தொடங்கியதுதான் முதல் பிழை. யாழ்ப்பாணத்தில் அந்த இன்னார் அநேகமாக மருமகன். வீடு தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகப் போயிருக்கும். ஆண் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் ஒவ்வொரு கலியாணத்திலும் நூல் அறுந்துவிடும்.

காணியின் பெயர் அவ்வளவாக மாறாது. உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், கோயிற்பற்று என்ற பழைய ஊர்ப் பிரிவு, காணிப் பெயர், பரப்பு, நாலெல்லை எல்லாம் இருக்கும். கைவசமுள்ள கடைசி உறுதியின் பதிவு எண்ணோடு காணிப் பதிவகத்துக்குப் போய், அங்கிருந்து பதிவேட்டில் பக்கம் பக்கமாகப் பின்னோக்கி வர வேண்டும். எல்லைகளை அவசரமாகத் தாண்டக்கூடாது. தகப்பன் காணியைப் பிரித்து எழுதிய இடத்தில் வடக்கெல்லைக்காரி சொந்தத் தங்கச்சியாக இருப்பாள். கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் அதற்குச் சாட்சி.

பரப்பைக் கூட்டிப் பார்ப்பது நல்லது. 1 பரப்பு 18 குழி, 16 பரப்பு ஒரு ஏக்கர். 4 பரப்புக் காணி 2 பரப்பு 9 குழியாகவும் 1 பரப்பு 9 குழியாகவும் பிரிந்தால் கணக்குச் சரி. 9 குழியைப் புள்ளி ஒன்பதாக எழுதினால் 4.8 வரும், இல்லாத துண்டொன்றைத் தேடி அலைய வேண்டியதுதான்.

உறுதியில் பெயர் கிடைக்கும், ஆள் கிடைக்காது. அதற்குக் கல்வெட்டுத்தான். 31ஆம் நாள் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைச் சொல்கிறேன். நூலகம் இணையத்தளத்தில் நிறைய இருக்கின்றன. வம்சவழியைப் பார்த்தால் எந்த மகளுக்கு எந்த மருமகன் என்பது தெரிந்துவிடும். இறந்த நாளைப் பாட்டாகச் சொல்லும் திதி வெண்பாவில் மட்டும் கவனம் வேண்டும். தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும், அதனால் பிரமாதி என்றால் 1939ஆகவும் இருக்கலாம், 1999ஆகவும் இருக்கலாம். தாளையும் அச்சையும் பார்த்துத்தான் முடிவுகட்ட வேண்டும். 1939இல் தொடங்கிய பிரமாதி ஆண்டு என்றாலும் தை, மாசி என்றிருந்தால் இறந்தது 1940.

கூரை ஓட்டின் அடியில் '1865' என்று கண்டால் வீட்டுக்கு அந்த வயதைக் கொடுத்துவிடாதீர்கள். மங்களூர் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு அது. பிறகு வந்த ஓடுகளிலும் அதே எண்தான்.

அடுத்தது ஆதன வரி இடாப்பு, அதாவது வீட்டு வரிப் பதிவேடு. மாநகர சபை வந்தது 1949இல். அதற்கு முந்திய வரி இலக்கத்தை இப்போதைய இலக்கத்தோடு நேரே பொருத்தாமல், ஒழுங்கையில் வீடுகள் நிற்கும் வரிசைப்படி எண்ணிப் பார்க்க வேண்டும்.