தத்துவத்துக்கு எந்த ஊர்?

கல்லூரி நூலகத்தில் புதுப் புத்தகங்களுக்குப் பகுப்பெண் போடுவது என் வேலை. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பில் இயற்பியல் என்றால் 530. எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்று பார்க்கத் தேவையில்லை. தத்துவத்திலும் தர்க்கம் 160, அறவியல் 170 என்று போகும்வரை சிக்கலில்லை. ஒரு தத்துவவாதியின் மொத்தச் சிந்தனையைப் பேசும் நூல் வந்தால்தான் ஊர் பேர் விசாரிக்க வேண்டும். 191 அமெரிக்கா, 192 பிரிட்டன், 193 ஜெர்மனி, 194 பிரான்ஸ்.

இந்த எண்களோடு புழங்கிப் புழங்கி, தத்துவத்துக்கு நாட்டுக்குணம் உண்டு என்றே தோன்றிவிடும். 'ஆங்கிலேயர்கள் காரியக்காரர்கள், அதனால்தான் அங்கே அனுபவவாதம்' என்று மாணவர்களும் சொல்வார்கள். அறிவெல்லாம் அனுபவத்திலிருந்தே வருகிறது என்னும் கொள்கை அது. ஆனால் 192-இல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் அனுபவவாதிகள் மூவரில் லாக் மட்டும்தான் ஆங்கிலேயர். பெர்க்லி அயர்லாந்து, ஹியூம் ஸ்காட்லாந்து. ஹியூம் தன் முதல் பெருநூலில் பெரும்பகுதியை எழுதியது பிரான்சில், அந்நாட்டுத் தத்துவவாதி தெகார்த் படித்த லா ஃப்ளேஷ் என்ற சின்ன ஊரில். ஹியூம்தான் தன்னைச் சிந்தனை உறக்கத்திலிருந்து எழுப்பியதாக 1783-இல் ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட் எழுதினார். ஆக, ஹியூமுக்கு வந்த பெரிய பதில் 193-இல் இருக்கிறது. (கான்ட்டின் கோனிக்ஸ்பெர்க் இன்று ரஷ்யாவின் கலினின்கிராட். நல்லவேளை, அவரை ரஷ்யத் தட்டுக்கு மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை.)

சரி, கான்ட்டுக்குப் பின் வந்த ஜெர்மானியத் தத்துவவாதிகள் ஃபிக்டே, ஷெல்லிங், ஹெகல் மூவரிடமும் ஒரு சாயல் இருக்கிறதே? இருக்கிறது. ஷெல்லிங்கும் ஹெகலும் ட்யூபிங்கனில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். மூவருமே யேனா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர்கள். ஒருவர் எழுதியதற்கு மற்றவர் மறுப்பு எழுதிக்கொண்டே இருந்தால் சாயல் வராமலா போகும்? அதை ஜெர்மானிய இயல்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிற்காலத்தில் அதே யேனாவில் கணிதம் கற்பித்த ஃபிரேகேயின் தர்க்கம்தான், 'ஆங்கிலோ-அமெரிக்கத் தத்துவம்' என்று இன்று சொல்லப்படுவதற்கு வேர். யாரோடு வாதாடினார்கள் என்பதைப் பார்த்தால் புரிகிற அளவுக்கு, எங்கே பிறந்தார்கள் என்பதை வைத்துப் புரிவதில்லை.

என்னை அதிகம் அலைக்கழிப்பது அம்பேத்கர். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவவாதி ஜான் டூயியிடம் படித்தவர் (பகுப்பெண் டூயி வேறு ஆள்). 1936-இல் சாதி ஒழிப்பைப் பற்றி எழுதும்போது அவரைத் தன் ஆசிரியர் என்று சொல்லியே மேற்கோள் காட்டுகிறார். ஒரு கருத்தை அதன் நடைமுறை விளைவை வைத்து எடைபோடும் டூயியின் அமெரிக்கப் பயன்வழிவாதம் மராட்டிய மண்ணில் தீண்டாமையோடு மோதியபோது அது எந்த நாட்டுத் தத்துவம்? அம்பேத்கரையும் ஜான் டூயியையும் சேர்த்துப் பேசும் நூலொன்று இப்போது மேஜையில் கிடக்கிறது. 191-இல் வைத்தால் அம்பேத்கரைத் தேடி வருபவர் கண்ணில் படாது. 305.5-இல், சாதி நூல்களோடு வைத்தால் தத்துவத் துறைப் பிள்ளைகள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். இன்னொரு படி வாங்கக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.