மீன் இழுத்த விஞ்ச், கண்ணிவெடி இழுத்த கதை

அந்தக் காலத்தில் ஐஸ்லாந்து கடலுக்குப் போன, இங்கிலாந்தின் ஹல், கிரிம்ஸ்பி துறைமுகங்களின் நீராவி டிராலர்களில் (இழுவலை மீன்பிடிக் கப்பல்கள்) கரிக்கிடங்கு மட்டும் பத்தாது. மீன் அறையிலும் கரி கொட்டுவார்கள். போகும் வழியில் முதலில் எரிப்பது அந்தக் கரியைத்தான். பிறகு அறையைக் கழுவிவிட்டுத்தான் மீன் வைப்பார்கள். வலையை விஞ்ச் (கம்பியைச் சுற்றி இழுக்கும் பொறி) ஏற்றியதும் வலையின் மீன் சேரும் மடியின் அடிமுடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்ப்பார்கள், மீன் மொத்தமும் தளத்தில் கொட்டும்.

1914இல் முதல் உலகப் போரில் கடலில் கண்ணிவெடி அகற்ற பிரிட்டிஷ் கடற்படைக்குத் தேவைப்பட்டதும் இந்த விஞ்ச்தான், கனத்த கம்பியோடு பழகிய கைகளும்தான். இரண்டு டிராலர்கள் பக்கவாட்டில் இடைவெளி விட்டு, நடுவே ஒரு கம்பியை இழுத்துப் போகும். கம்பியை ஆழத்தில் அமிழ்த்திப் பிடிக்க கப்பலுக்கொரு கனத்த 'காற்றாடி' (பட்டம் போல நீருக்குள் இழுபடும் பலகை). கம்பியில் சிக்கி, கண்ணிவெடியின் நங்கூரக் கயிறு அறுந்தால் வெடி மேலே மிதக்கும், துப்பாக்கியால் சுட்டுத் தீர்ப்பார்கள். சிக்கல் என்னவென்றால், கம்பிக்கு முன்னால் போவது கப்பலின் அடிவயிறு. நீர் வற்றிய நேரத்தில் அதுவே வெடியில் மோதும். ஓதம் (கடல் நீர்மட்டம்) ஏறியிருக்கும் நேரமே ஓரளவு பாதுகாப்பு.

இரண்டாம் உலகப் போரில் இந்த டிராலர்களில் ஆழ்வெடியும் (நீர்மூழ்கியைத் தாக்க நீருக்கடியில் வெடிக்கும் குண்டு) ஏறியது. 1941 அக்டோபரில் ஹல்லின் 'லேடி ஷெர்லி', யு-111 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியையே மூழ்கடித்தது. மீன்பிடிக் கப்பலுக்கு இது கொஞ்சம் ஓவர்தான்! அதே டிசம்பரில் ஜிப்ரால்டர் அருகே லேடி ஷெர்லியும் மூழ்கியது, ஒருவரும் பிழைக்கவில்லை.