பாட்டுக்கு வழிவிடும் கிட்டார்: தோமா துத்ரோன்

ழாக் துத்ரோன், பிரான்சுவாஸ் ஆர்தி என்ற இரு பெரும் பிரெஞ்சுப் பாடகர்களின் மகன் தோமா துத்ரோன். 1973இல் பிறந்தார், முதல் தனி ஆல்பம் வந்தது 2007இல்தான். ஜிப்சி ஜாஸ் என்ற பாணிக்கு வழிவகுத்த கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசையில் மயங்கி 18 வயதை ஒட்டிக் கிட்டாரைப் பிடித்தவர், நெடுநாள் வாசிப்பாளராகவே இருந்தார். பிரேலி லக்ரேன் போன்ற கிட்டார் மேதையோடும் வாசித்தார். துத்ரோனின் பாட்டில் கேட்கும் நிதானம் அந்தக் காத்திருப்பில் விளைந்தது என்றே நினைக்கிறேன்.

ஜிப்சி ஜாஸில் பெரும்பாலும் டிரம்ஸ் கிடையாது. தாளத்தைச் சுமப்பது கிட்டார். அந்த வாசிப்புக்கு 'பொம்ப்' என்று பெயர். நான்கு தாள அடிகளில் 1, 3 மெல்ல, கனத்த கம்பிகளில் விழும். 2, 4 எல்லாக் கம்பிகளிலும் வெடுக்கென்று விழும். விழுந்ததுமே இடக்கையைத் தளர்த்தி ஒலியை அடைக்க வேண்டும். விரல்களை எடுத்துவிடக் கூடாது, எடுத்தால் வெறுங்கம்பி முனகும்.

ஏ மைனர் 6 என்ற கார்டைப் பிடித்துப் பாருங்கள். நடுவிரல் 6ஆம் கம்பியில் (மிகக் கனத்தது) 5ஆம் ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் பதித்த உலோகப் பட்டை), ஆள்காட்டி 4ஆம் கம்பியில் 4ஆம் ஃப்ரெட், மோதிரவிரல் படுக்கையாக 3, 2ஆம் கம்பிகளில் 5ஆம் ஃப்ரெட். 5ஆம் கம்பியை நடுவிரல் நுனி தொட்டு ஊமையாக்கும். வெறும் மைனரைவிட இதில் ஒரு புளிப்பு இருக்கும். ஜாங்கோவின் வாசனையே அதுதான்.

சிக்கல் பாடும்போது வரும். பிரெஞ்சில் அழுத்தம் சொற்றொடரின் கடைசி அசையில் விழும். ஷான்சோன் எனும் பிரெஞ்சுப் பாட்டு மரபிலோ வரிகள்தான் உயிர். கிட்டார் ஒலி ஒரு கணம் நீண்டாலும் அந்தக் கடைசி அசை மூழ்கிவிடும். மணிக்கட்டு இறுகியவர்களுக்கு 2, 4 இரைச்சலாகும், வேகமும் தானாக ஏறும். துத்ரோனின் குரல் பெரியதல்ல, பேச்சுக்குப் பக்கத்தில் நிற்பது. அதனால் 'பொம்ப்' வறண்டு, குறுகி, ஒதுங்கி நிற்கிறது. வரி முடிந்த பிறகே கிட்டாரோ வயலினோ பதில் சொல்கிறது.

'கிட்டார் இல்லாத மனூஷ் போல' என்று பொருள்படும் அந்த முதல் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டுக்கு 2009இல் பிரான்சின் இசை விருதான விக்துவார் கிடைத்தது. (மனூஷ் என்பது ஜாங்கோ பிறந்த ஜிப்சிச் சமூகம்.) 2020இல் வந்த 'ஃப்ரெஞ்சி'யில் பழைய பிரெஞ்சுப் பாட்டுகளை எடுத்தார், ஒன்றில் அமெரிக்க ராக் பாடகர் இகி பாப்பும் கனடிய ஜாஸ் பாடகி டயானா க்ரால்லும் சேர்ந்து பாடுகிறார்கள். 2022இல் தந்தையோடு ஓர் ஆல்பம். முதலில் 2007 ஆல்பத்தையே கேளுங்கள், ஹெட்ஃபோனில். 2, 4 எவ்வளவு சீக்கிரம் அடைபடுகிறது என்பது அதில்தான் துல்லியமாகத் தெரியும்.