நாலு ஸ்லொட் இருந்தாலும் ரேம் இரண்டுதான்

சொந்தமாக டெஸ்க்டொப் ஒன்று பூட்டும் எண்ணத்தோடு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் போனால், ஏதாவது ஒரு கடையில் இந்த ஆலோசனை கிடைக்கும்: "அக்கா, இப்ப 16 ஜிபி ரேம் கார்ட் ஒண்டு போடுங்கோ. காசு வரேக்க இன்னொரு 16 வாங்கிப் பக்கத்தில போடலாம். நாலு ஸ்லொட் இருக்குதானே." நல்ல மனதோடு சொல்வதுதான். டிடிஆர்3, டிடிஆர்4 என்ற முந்திய தலைமுறை ரேம் காலத்தில் பெரும்பாலும் சரியாகவும் வந்தது. அடுத்த தலைமுறையான டிடிஆர்5 வாங்குகிறவர்கள் தயவு செய்து அதைக் கேட்காதீர்கள். எவ்வளவு ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) வேண்டும் என்பதை இன்றைக்கே முடிவெடுத்து, ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் இரண்டு கார்ட்டாக வாங்குங்கள்.

நான் வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறேன். தாலி கட்டும் நேரம் மூன்று கமராவில் 4கே ஓடியிருக்கும். பழைய மெஷினில் 16 ஜிபி டிடிஆர்4 இருந்தது. வீடியோ எடிட் பண்ணும் டாவின்சி ரிசால்வும் போட்டோஷொப்பில் அல்பமும் ஒன்றாகத் திறந்தால் எல்லாம் இழுபடும்.

அளவைத் தீர்மானிக்க விண்டோஸின் டாஸ்க் மனேஜரைத்தான் பார்த்தேன். நினைவகப் பக்கத்தில் மேலே தெரியும் பாவனை அளவை மட்டும் நம்ப முடியாது. 16 ஜிபி உள்ள மெஷினில் அது 16ஐத் தாண்டவே தாண்டாது. கீழே 'கமிட்டட்' என்று ஒரு எண் இருக்கும். புரோகிராம்கள் கேட்டு வாங்கி வைத்திருக்கும் மொத்தம் அது, டிஸ்க்குக்குத் தள்ளியதும் சேர்த்து. கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், ஆனாலும் திசை விளங்கும். வேலை மும்முரமாக இருக்கும்போது எனக்கு அது 30க்கு மேல் நின்றது. அதனால் 32 எனக்கு மட்டுமட்டு. 64 நன்றாக இருக்கும், ஆனால் விலை.

விலை பற்றியும் சொல்ல வேண்டும். 2025 கடைசி மாதங்களில் டிடிஆர்5 விலை உலகம் முழுக்க இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. உலகத்து ரேம் சிப்களில் பெரும்பங்கைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் என்ற மூன்று கம்பனிகள். செயற்கை நுண்ணறிவு சேர்வர்களுக்கான நினைவகத்துக்கு அவர்கள் உற்பத்தியைத் திருப்பியதும் எங்களுக்கு வரும் பங்கு சுருங்கியது. அந்த டிசம்பரில் மைக்ரோன், குரூஷியல் என்ற பெயரில் வீட்டுப் பாவனையாளருக்கு விற்பதையே நிறுத்துவதாக அறிவித்தது. இந்த நிலைமையில் "பிறகு பார்ப்போம்" என்று ஒற்றை கார்ட்டோடு வருவது காசை மிச்சப்படுத்தும் வழி போலத் தெரியும். அதனால்தான் காரணத்தை விளக்கமாகச் சொல்கிறேன்.

என் புரொசசர் ஏஎம்டி கம்பனியின் ரைசன் 7 7700. அது பூட்டும் ஏஎம்5 சொக்கெட் டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். நினைவகத்தை நடத்தும் பகுதி புரொசசருக்குள்ளேயே இருக்கிறது. அதிலிருந்து இரண்டு சனல், அதாவது தரவு போகும் பாதைகள், வெளியே வருகின்றன. நாலு ஸ்லொட் என்பது ஒரு சனலுக்கு இரண்டு கார்ட். இவ்வளவு வேகத்தில் ஒரே பாதையில் இரண்டு கார்ட் தொங்கினால் சிக்னல் குழம்பத் தொடங்கும். ஏஎம்டி தன் விவரக்குறிப்பிலேயே எழுதியிருக்கிறது: ரைசன் 7000 வரிசைக்கு இரண்டு கார்ட் என்றால் வேகம் 5200 (செக்கனுக்கு எத்தனை மில்லியன் தடவை தரவு மாறும் என்ற எண்), நாலு என்றால் 3600. அதற்கு மேல் ஓடினால் அது நம் அதிர்ஷ்டம். காசு கொடுத்து வாங்கிய 6000 வேக கார்ட்டை 3600இல் ஓட்டுவதற்கா இவ்வளவு பாடு?

"இரண்டாவதைத்தானே பிறகு போடப் போகிறேன், நாலு இல்லையே" என்று கேட்கலாம். அதிலும் சிக்கல் உண்டு. 6000இல் ஓடும் ஒரு கார்ட் செக்கனுக்கு 48 ஜிகாபைட் கொண்டு போகும், இரண்டு சனலிலும் இருந்தால் 96. இரண்டாவது வரும் வரைக்கும் பாதிதான். அதோடு, ஒரே மொடல் என்றாலும் ஆறு மாதம் கழித்து வரும் கார்ட்டுக்குள் வேறு கம்பனியின் சிப் இருக்கலாம். பெட்டியில் எழுதியிருக்கும் வேகம் அந்த ஜோடியைச் சேர்த்துச் சோதித்துக் கொடுத்த வாக்கு. கடையில் தனித்தனியாகச் சேர்த்த இரண்டுக்கு அது பொருந்தாது. ஓடவும் கூடும். ஆனால் கல்யாணக்காரருக்கு நாளைக்கு வீடியோ கொடுக்க வேண்டிய இரவில் ரெண்டர் பாதியில் நிற்கும் அபாயத்தை நான் எடுக்க மாட்டேன்.

சரி, 32க்கும் 64க்கும் நடுவில் என்ன? டிடிஆர்5இல் 24 ஜிபி கார்ட் உண்டு. இரண்டு போட்டால் 48. பல கடைகளில் கண்ணாடிக்குள் வைத்திருக்க மாட்டார்கள், கேட்டால்தான் எடுப்பித்துத் தருவார்கள். எனக்கு அதுதான் அளவாகப் பொருந்தியது.

அப்புறம் வேகம். என் தம்பி கேம் விளையாடுகிறவன், 8000 வாங்கச் சொன்னான். 6000ஐச் சற்றுத் தாண்டியதுமே ஏஎம்5இல் நினைவகத்தை நடத்தும் பகுதி பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். கூடுதலாகக் கொடுத்த காசின் பயன் அதிலேயே கரைந்துவிடும். 6000 போதும். அதைவிட முக்கியம் சிஎல் எண், கேட்ட தரவு வர எத்தனை சுற்று காத்திருக்க வேண்டும் என்பது. அதை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ செக்கனில் வரும். 6000 சிஎல்30க்கு 10, சிஎல்36க்கு 12. மலிவாகக் கிடைக்கும் 5600 சிஎல்46க்கு 16க்கு மேல். பழைய டிடிஆர்4 3200 சிஎல்16க்கும் அதே 10தான் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். கேமுக்கு 10க்கும் 12க்கும் வித்தியாசம் தெரியலாம், வீடியோவுக்கு அளவுதான் பெரிது. சிஎல்36 எடுத்து, மிஞ்சிய காசை 48க்குப் போட்டேன். லைட் எரியும் மொடல் வேண்டாம் என்றேன். உயரம் கூடி கூலரில் இடிக்கும்.

பில்லில் "48 ஜிபி ரேம்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். ஸ்டிக்கரில் உள்ள முழுப் பாகஎண்ணையும் எழுதச் சொல்லுங்கள். மதர்போர்ட் கம்பனியின் தளத்தில் உள்ள, பொருந்தும் ரேம் பட்டியலோடு ஒப்பிடவும் வொரண்டிக்கும் அதுதான் உதவும்.

பூட்டும்போது புரொசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லொட். முதல் தடவை ஒன் பண்ணினால் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். நினைவகத்தைப் பழக்கிக்கொள்கிறது, பயந்து ஓஃப் பண்ண வேண்டாம். யூபிஎஸ்ஸில் செருகிவிட்டுத் தொடங்குவது நல்லது. பிறகு பயொஸ்ஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்ட் அமைப்புப் பக்கம்) போய், பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போவை ஒன் பண்ண வேண்டும். அதைச் செய்யாவிட்டால் 6000 என்று வாங்கியது 4800இலோ 5200இலோ ஓடிக்கொண்டிருக்கும், யாரும் சொல்ல மாட்டார்கள். கடைசியாக ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ பென்டிரைவில் போட்டு ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அது பிழைதான், மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பயொஸ் அப்டேட் பண்ணினால் எக்ஸ்போ பெரும்பாலும் ஓஃப் ஆகிவிடும், திரும்பப் போய்ப் பாருங்கள்.