பேரிடர்த் தரவு படிக்கிறீர்களா? முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

புவி அறிவியலில் பேரிடர் தாளுக்குத் தயாராகிற பலரும் வரையறைகளில் தொடங்குகிறார்கள். நான் வேறு வழியில் படித்தேன். நடந்து முடிந்த பேரிடர் ஒன்றை எடுத்துக்கொண்டு, எந்தத் தரவு எந்த நிமிடத்தில் யார் கைக்கு வந்தது என்று வரிசையாக எழுதினேன். இன்று நமக்குத் தெரிந்ததை வைத்து அன்றைய முடிவுகளை எடைபோட்டால் எதுவும் விளங்காது.

இந்தப் பயிற்சிக்கு, 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நடந்த நிலநடுக்கத்தைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். பிற்பகல் 2.46க்கு நிலம் அதிர்ந்தது. மூன்றே நிமிடத்தில் ஜப்பான் வானிலை முகமை சுனாமி எச்சரிக்கை விடுத்தது. ஆனால் அப்போது கணித்த நிலநடுக்க அளவு 7.9; பின்னர் உறுதியானது 9.0. 1.1 தானே என்று தோன்றும். வெளிப்பட்ட ஆற்றலில் அது ஏறக்குறைய 45 மடங்கு! விரைவுக் கணக்கீட்டு முறை மிகப் பெரிய நிலநடுக்கங்களின் அளவைக் குறைத்தே காட்டும். அதைத் திருத்த உதவியிருக்க வேண்டிய கருவிகளோ, அதிர்வின் கடுமையில் அளக்கும் எல்லையைத் தாண்டிவிட்டன. வடகிழக்கு ஜப்பானிலுள்ள இவாத்தே மாகாணக் கடற்கரைக்கு முதலில் சொல்லப்பட்ட அலை உயரம் 3 மீட்டர். கடலிலிருந்த ஜிபிஎஸ் மிதவைகள் நீர்மட்டம் எழுவதைக் காட்டிய பிறகு, 3.14க்கு அது 6 மீட்டர் ஆனது. அதற்குள் பல இடங்களில் மின்சாரம் போயிருந்தது; திருத்தம் எல்லோரையும் எட்டவில்லை.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதற்குப் பின் நடந்தது. 2013 முதல், அளவை உடனே உறுதிசெய்ய முடியாத பெரிய நிலநடுக்கங்களுக்கு, முதல் எச்சரிக்கையில் மீட்டர் கணக்கைச் சொல்லாமல் 'மிகப் பிரம்மாண்டமான அலை' என்ற பொருளில் சொல்லாலேயே அறிவிக்கிறார்கள். நிச்சயமில்லாத எண் ஒருவரை வீட்டிலேயே உட்கார வைத்துவிடக்கூடும். தரவின் வரம்பைப் பற்றித் தேர்வில் கேட்டால் இந்த ஒரு நிகழ்வை விரித்து எழுதுங்கள். ஐந்து பொதுவான குறைகளை அடுக்குவதைவிட இது வலுவான விடை.

செய்முறைத் தேர்வில் பெரும்பாலும் வெள்ள வரைபடம்தான் வரும். சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மேகமோ இரவோ அவற்றுக்குத் தடையில்லை. அமைதியான நீர்ப்பரப்பு ரேடார் அலையை வேறு திசையில் தெறித்துவிடுவதால் படத்தில் கறுப்பாக விழும். வெள்ளத்துக்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் ஒரே சுற்றுப்பாதையிலிருந்து எடுங்கள். கோணம் மாறினால் ஒப்பீடே கெட்டுவிடும். மலைச்சரிவின் நிழலும் கறுப்பாகத் தெரியும். நிலத்தின் உயரத் தரவை வைத்து அதை நீக்கிவிடலாம்.

கட்டடங்கள் நெருங்கிய பகுதியில்தான் உண்மையான சிக்கல். அங்கே ரேடார் அலை தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பி வருவதால், தெருவில் தண்ணீர் நின்றாலும் படம் பளிச்சென்றே இருக்கும். கறுப்பை மட்டும் தேடுகிறவர் வரைபடத்தில், மக்கள் அதிகம் வாழும் இடமே உலர்ந்த நிலமாகக் காட்சியளிக்கும். அந்த வரைபடத்தை நம்பிப் படகு அனுப்புகிறவரை நினைத்துப் பாருங்கள். அதனால் நான் எப்போதும் மூன்று வகையாகப் பிரிப்பேன்: நீர் உள்ளது, நீர் இல்லை, இந்தத் தரவால் சொல்ல முடியாது. மூன்றாவது வகைக்குத் தனி நிறம் கொடுங்கள், வெள்ளையாக விட்டுவிடாதீர்கள். நேர்முகத் தேர்வில் அந்த நிறத்தைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்டார்கள்.

உயரத் தரவைப் பற்றியும் ஒரு சொல். பலரும் பயன்படுத்தும் எஸ்ஆர்டிஎம் என்ற ரேடார் உயரத் தரவு 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து அளக்கப்பட்டது. மர உச்சிகளும் கூரைகளும் அதில் கலந்திருக்கும். தாழ்வான சமவெளியில் ஓரிரு மீட்டர் வேறுபாடே எந்த ஊர் மூழ்கும் என்பதை மாற்றிவிடும் என்பதால், அங்கே அதை மட்டும் நம்பி வெள்ள எல்லை வரையக் கூடாது.

செயற்கைக்கோள் தரவும் நிலநடுக்கப் பட்டியல்களும் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில்தான் வருகின்றன, ஜப்பானின் 2.46 அங்கே காலை 5.46. வரைபடத்தின் மூலையில் இரண்டு நேரங்களையும் எழுதுங்கள்: படம் எடுக்கப்பட்ட நேரம், அது உங்கள் கைக்கு வந்த நேரம். வெள்ளம் வடிந்துகொண்டிருக்கையில், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மணிக்கணக்கைப் பார்த்துத்தான் களத்தில் இருப்பவர் அந்த வரைபடத்தை எவ்வளவு நம்பலாம் என்று முடிவு செய்வார்.