43 வரிகள்

பன்னிரண்டாம் வகுப்பில் என் மகள் வாங்கியது கணிதம் 91, இயற்பியல் 88, வேதியியல் 84. கணிதத்தை அப்படியே வைத்து மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப், 200-க்கு 177. சாத்தூரில் பைப்பும் பெயின்ட்டும் விற்கிற எனக்கு இது நல்ல கட்-ஆஃப்பா, சுமாரா என்று சொல்லத் தெரியவில்லை. மகளின் மதிப்பெண்ணைக் கேட்டவர்கள் எல்லோரும் "ஓ, 177-ஆ" என்று ஒரே மாதிரி இழுத்தார்கள். மாலை போடவும் முடியாது, ஆறுதல் சொல்லவும் முடியாது என்கிற ரகம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் ஒன்றுதான், கட்டணம் 500 ரூபாய். அதைக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். தரவரிசைப் பட்டியல் வந்து, அதன்படி பிரித்த சுற்றுகளில் நம் சுற்று வரும்போது, எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று வரிசையாகப் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பதும், அதற்கு மூன்று நாள்தான் அவகாசம் என்பதும் பிறகுதான் தெரிந்தது. தமிழ்நாட்டில் 400-க்கு மேல் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. எத்தனை போடலாம் என்பதற்கு உச்சவரம்பு கிடையாது. வரம்பு இல்லாததுதான் வம்பு.

இதற்கிடையில் கலைக் கல்லூரிக் கதை ஒன்று ஓடியது. பொறியியல் கலந்தாய்வு தொடங்கவே ஜூலை ஆகிவிடும். கலை அறிவியல் கல்லூரிகளில் அதற்கு முன்பே சேர்க்கை நடந்துவிடுகிறது. கையில் ஒரு இடம் இருக்கட்டும் என்று அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டோம். விண்ணப்பத்துக்கு 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். ஐந்து கல்லூரிகளைக் குறிப்பிடலாம். இதைவிட மலிவான காப்பீடு நாட்டில் இல்லை. ஆனால் தனியாக அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றிலும் போட்டோம். முதலில் அழைத்தது அதுதான். பி.எஸ்சி. இயற்பியல் தருகிறோம், பணம் கட்டுங்கள், டி.சி.யைக் கொடுங்கள் என்றார்கள். விண்ணப்பம் எத்தனை போட்டாலும் டி.சி. ஒன்றுதானே! கொடுத்தேன். பிறகு அதைத் திரும்ப வாங்க மூன்று நாள் கடையை மூடிவிட்டு அலைந்தேன். கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைத் தங்களிடமே வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்திருப்பதை இரண்டாம் நாள் எடுத்துச் சொன்னேன். எழுத்தர் தலையை நிமிர்த்தாமல் "முதல்வர் வெளியூர் போயிருக்கிறார்" என்றார்.

சரி, பட்டியலுக்கு வருகிறேன்.

திருப்பூரில் இருக்கும் என் மனைவியின் அண்ணன், "மாப்பிள்ளை, நூறு கல்லூரியாவது போடுங்கள். போடுவதற்குக் காசா பணமா" என்றார். எதிர்வீட்டுப் பையன் அதற்கு முந்தைய ஆண்டு 12 மட்டும் போட்டிருந்தான். எல்லாமே பெரிய பெயர்கள். ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்பட்டு, மிச்சம் மீதியில் பொறுக்க வேண்டியதாயிற்று. பக்கத்து ஊர் ஆலோசனை மையம் ஒன்றில் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு 85 வரிகளில் தயாராக ஒரு பட்டியல் கொடுத்தார்கள். கடவுச்சொல்லைக் கொடுத்தால் தாங்களே ஏற்றிவிடுவதாகவும் சொன்னார்கள். என் மகள் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அப்பா, ஐந்தாவது வரியில் இருக்கிற கல்லூரி எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. மதுரை, திருநெல்வேலிக் கல்லூரிகளுக்கெல்லாம் மேலே அது ஏன் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு அந்த மையத்தில் பதில் இல்லை. சரக்கு எடுக்கப் போகிற இடத்தில் எந்தக் கம்பெனி கமிஷன் தருகிறதோ அதைத்தான் முதலில் காட்டுவார்கள். எனக்குத் தெரியாத தொழிலா அது? கடவுச்சொல்லைக் கொடுக்கவில்லை. 500 போனது போனதுதான்.

அன்றிரவு கடையிலிருந்து ஒரு நீளக் கணக்கு நோட்டை எடுத்து வந்தேன். இருவரும் தரையில் உட்கார்ந்தோம். கணினி எப்படி இடம் கொடுக்கிறது என்பதை மகள்தான் எனக்குப் புரியவைத்தாள். தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவருடைய பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வரும். எந்த வரியில் அவருக்குரிய இட ஒதுக்கீட்டில் காலியிடம் தென்படுகிறதோ அங்கே நின்றுவிடும். அதற்குக் கீழே இருப்பதை அது படிப்பதே இல்லை. ஆகவே முதல் பத்து வரிகளில் எட்டாத கனிகளை எழுதினாலும் நமக்கு நட்டமில்லை, கீழே நீளமாக எழுதினாலும் நட்டமில்லை. வரிசையைத் தப்பாக எழுதினால்தான் நட்டம்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. ஒரே கல்லூரியில் மூன்று பிரிவுகள் வேண்டுமென்றால் அவை மூன்று வரிகள். உதவிபெறும் கல்லூரியில் சுயநிதிப் பிரிவு தனி வரி, கட்டணமும் தனி. எத்தனை கல்லூரி என்று நாங்கள் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே கோணலானது.

கலந்தாய்வு இணையதளத்தில் முந்தைய ஆண்டில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தக் கட்-ஆஃப்பில் முடிந்தது என்று ஒதுக்கீட்டு வாரியாக இருந்தது. முதல் சுற்று முடிந்ததும் மிச்சமிருக்கும் இடங்களின் கணக்கும் வந்தது. 177 இரண்டாம் சுற்றின் தலைமாட்டில் வரும் மதிப்பெண். பந்தி முடிந்து அடுத்த பந்தியில் முதல் இலை கிடைத்தது மாதிரி. பாயசம் இருக்குமா என்பதுதான் சந்தேகம். எங்கள் ஒதுக்கீட்டில் ஓரிடம்கூட மிச்சமில்லாத வரிகளை அடித்தோம். முந்தைய ஆண்டில் 180-க்கு மேல் முடிந்திருந்தாலும் இந்த ஆண்டு இடம் மிச்சமிருந்தால் விட்டுவைத்தோம்.

சண்டை வந்தது வரிசையில். அவளுக்கு மின்னணுவியல்தான் வேண்டும். எனக்குக் கணினி அறிவியல், ஏனென்றால் ஊரே அதைத்தான் சொல்கிறது. அவள் கணினிப் பிரிவைப் பட்டியலில் சேர்க்கவே விடவில்லை. "கிடைத்துவிட்டால் என்ன செய்வது?" என்றாள். கிடைத்துவிடுமோ என்று பயந்து ஒன்றை விலக்குவதை அன்றுதான் பார்த்தேன். பிறகு யோசித்தால் நியாயம்தான். போகப் பிடிக்காத இடத்தைப் பட்டியலில் வைத்திருப்பது எதற்கு?

அங்கே விட்டுக்கொடுத்த நான் இன்னொரு இடத்தில் பிடித்துக்கொண்டேன். கோவில்பட்டியில் தனியார் கல்லூரியில் மின்னணுவியலா, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் மின்னியலா, எது மேலே? கோவில்பட்டி எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரி, வீட்டிலிருந்தே போய்வரலாம். திருநெல்வேலி எண்பது கிலோமீட்டர், விடுதியில்தான் தங்க வேண்டும். ஆனால் அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. விடுதிச் செலவைச் சேர்த்தும் கூட்டிப் பார்த்தேன், நான்கு வருடக் கணக்கு அரசுக் கல்லூரிப் பக்கம்தான் சாய்ந்தது. அவள் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மின்னியலும் பரவாயில்லை அப்பா" என்று எட்டாவது வரியில் அதை எழுதினாள். கோவில்பட்டி பத்தொன்பதுக்குப் போனது.

எங்கே நிறுத்துவது என்பதற்கும் ஒரு வழி கிடைத்தது. ஒவ்வொரு வரியையும் நான் சத்தமாகப் படித்து, "இது மட்டும்தான் கிடைத்தது என்றால் போவாயா?" என்று கேட்டேன். போவேன் என்றால் டிக். யோசித்தால் பென்சிலில் வட்டம். மாட்டேன் என்றால் கோடு. என் மனைவி அடுப்படியிலிருந்து, "பேய் பிடித்த மாதிரி ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என்ன கேள்வி பதில்?" என்றாள். வட்டங்களை மறுநாள் காலை மறுபடி கேட்டேன். பாதி கோடாயின. கடைசியில் நின்றது 43 வரிகள், 17 கல்லூரிகள். மச்சானிடம் சொன்னபோது இன்னும் ஒரு இருபது சேர்த்திருக்கலாம் என்றார். பட்டியலைப் பூட்டியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று தப்பித்தேன்.

தற்காலிக ஒதுக்கீடு வந்தது. பத்தொன்பதாவது வரி. கோவில்பட்டி, மின்னணுவியல்.

நான் லட்டு வாங்கக் கிளம்பிவிட்டேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏற்றுக்கொண்டு சேரலாம், அல்லது ஏற்றுக்கொண்டு மேலே இருக்கும் வரிகளுக்குக் காத்திருக்கலாம். முடிவு சொல்ல இரண்டு நாள். காத்திருந்து மேலே ஒன்று கிடைத்துவிட்டால் கையில் இருப்பது தானாகப் போய்விடும், திரும்ப வராது. எட்டாவது வரியில் திருநெல்வேலி இருந்தது. அங்கே வைக்கச் சொன்னவன் நான். இப்போது கோவில்பட்டியே போதும் என்று என் வாய் வரை வந்தது. காலையில் தோசை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, மாலையில் வீட்டுக்கு வந்துவிடுகிற பெண்ணை நான்கு வருடம் பார்த்துக்கொண்டிருக்கலாம் அல்லவா?

"உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னேன்.

"வரிசை போடும்போது யோசித்துத்தானே போட்டோம்" என்றாள். காத்திருக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தாள். உதவி மையத்துக்குப் போய்ப் பணம் கட்டிவிட்டு வந்தோம். அந்தச் சில நாள்கள் கடையில் நான் யாருக்கு எவ்வளவு மிச்சம் கொடுத்தேன் என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

எட்டாவது வரி கிடைத்தது.

விடுதிக்குப் பெட்டி, வாளி, கொடிக்கயிறு எல்லாம் வாங்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தோம். அந்த நீள நோட்டில் 43 வரிகளுக்குப் பிறகு பக்கம் பக்கமாக வெற்றுத்தாள் கிடந்தது. இப்போது பைப் கடன் பாக்கிகளை அதில்தான் எழுதுகிறேன்.